அவசரத் தொடர்புக்கு யாருடைய எண்?
வெளிநாட்டில் கடத்தப்படும் தொழிலாளர்கள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சேலத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இருபத்தேழு ஆண்டுகள் எலக்ட்ரீசியன், ஒயர்மேன் பிரிவுகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கும் இரும்பாலைக்கும் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். இங்கே இடம் கிடைக்காதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறினார்கள். அண்மைக்காலமாக, வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் நான் ஒருமுறைகூட விரல் வைத்துக் காட்டியிராத மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு, மின்கோபுரம் ஏறவும் கம்பி இழுக்கவும் போகிறார்கள்.

அப்படிப் போன ஒருவனின் தாய், ஏற்காட்டில் நாகலூருக்கு அப்பால் உள்ள மலைக்கிராமத்திலிருந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி என் வீட்டுக்கு வந்தார். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் கூலி வேலை பார்ப்பவர். நகைக்கடைப் பை ஒன்றில் சுற்றி வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்து என் கையில் கொடுத்து, "சார், இதுல எம் பையன் எங்க இருக்கான்னு போட்டிருக்கான்னு பாருங்க" என்றார். மகனுடைய வேலை ஒப்பந்தம் அது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிரெஞ்சு மொழியில் இருந்தது. புதுச்சேரியில் உள்ள ஒரு நண்பருக்குப் படம் எடுத்து அனுப்பி, அவர் தொலைபேசியில் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வேலையிடம் என்ற கட்டத்தில் நாட்டின் பெயர் மட்டும் இருந்தது. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற கட்டத்தில் தாயின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அங்கே இருந்தது ஆளை அனுப்பிவைத்த முகவரின் கைப்பேசி எண். அந்த எண் அப்போது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பத்தொன்பது நாள்கள் அந்தப் பையனிடமிருந்து பேச்சு இல்லை. ஊரில் சிக்னல் கிடைப்பது தோட்டத்து மேட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும்தான் என்பதால், வேலை முடிந்து இருட்டும்வரை அந்தத் தாய் கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி அங்கேயே நின்றிருக்கிறார். இருபதாம் நாள் அவன் பேசினான். ஆயுதக் குழுவொன்று சாலையை மறித்துவிட்டதால் தொழிலாளர்களை வேறு ஊருக்கு மாற்றிய நிறுவனம், கைப்பேசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டது என்றான். அவன் கடத்தப்படவில்லை. பிறகு ஊர் திரும்பியும்விட்டான். ஆனால் அந்தப் பத்தொன்பது நாள்களும் நானும் அவருமாக ஏறி இறங்கிய அலுவலகங்களில், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லக்கூட ஆள் இல்லை என்பதைக் கண்ணால் கண்டதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உண்மையாகவே கடத்தப்பட்டவர்களின் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை அந்த நாள்களைக் கொண்டுதான் என்னால் எண்ணிப் பார்க்க முடிகிறது. 2025 ஏப்ரலில் நைஜரில் மின்பாதைப் பணியிலிருந்த ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஐவர் கடத்தப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மாலி நாட்டின் காயெஸ் பகுதியில் ஒரு சிமெண்ட் ஆலைக்குள் புகுந்த ஆயுததாரிகள் மூன்று இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். நவம்பரில் அதே மாலியில் மின்மயமாக்கல் பணியிலிருந்த இந்தியர்கள் ஐவர் கடத்தப்பட்டார்கள். தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்த நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அவர்கள். கோபுரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை எந்த இடத்தில் மாட்ட வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து முறை சொல்லிக்கொடுத்தவன் நான். கோபுரத்தின் அடியில் துப்பாக்கியோடு ஒருவன் வந்து நின்றால் என்ன செய்வது என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

ஏன் நம் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள் என்ற கேள்வியை ஊரில் பலர் விதி என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை, ஏனென்றால் இதில் கணக்கு இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பணயக்கைதிகள் எதிர்ப்பு உடன்படிக்கை, ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு மூன்றாம் தரப்பு ஒன்றை ஒரு செயலைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ கட்டாயப்படுத்துவதையே பணயம் என்று வரையறுக்கிறது. மூன்றாம் தரப்பு என்ற அந்தச் சொல்லில்தான் முழு அரசியலும் அடங்கியிருக்கிறது. மாலியில் 2020லும் 2021லும் படைத்தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். பிரெஞ்சுப் படை 2022இல் வெளியேறியது, அதற்கு முன்பே ரஷ்யக் கூலிப்படை வந்து இறங்கிவிட்டது. அல்காய்தாவோடு இணைந்த ஆயுதக் குழு இப்போது ஆலைகளையும் சாலைகளையும் எரிபொருள் லாரிகளையும் தாக்கி, பொருளாதாரத்தை முடக்கி அரசைப் பணியவைக்கப் பார்க்கிறது. சிமெண்ட் ஆலையும் மின்பாதையும் நின்றுபோனால் ஆட்சிக்கு அடி. அவற்றை நிறுத்த எளிய வழி, அங்கே வேலை செய்யும் வெளிநாட்டவரைத் தூக்கிச் செல்வது. நைஜரையோ மாலியையோ பற்றி எந்தக் கருத்தும் இல்லாத நம் பையன், யாருக்கோ எதிராக யாரோ நடத்தும் போரில் பணயப் பொருளாகிவிடுகிறான்.

இது புதிதும் அல்ல. 2004 ஜூலையில் ஈராக்கில் குவைத் நிறுவனம் ஒன்றின் லாரிகளை ஓட்டிச் சென்ற மூன்று இந்தியர்கள், கென்யர் மூவரோடும் எகிப்தியர் ஒருவரோடும் சேர்த்துப் பிடிக்கப்பட்டு, செப்டம்பர் 1ஆம் நாள்தான் விடுதலையானார்கள். சங்ககிரிக்காரர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை, வீட்டுக்கு ஒரு லாரி ஓட்டுநர் இருக்கும் ஊர் அது. அதே ஜூலையில், பிடிபட்ட ஒரு லாரி ஓட்டுநரின் உயிருக்காகப் பிலிப்பைன்ஸ் அரசு ஈராக்கிலிருந்த தன் சிறு படையை முன்கூட்டியே திரும்ப அழைத்து அவரை மீட்டது. அடுத்த மாதம் பிடிபட்ட நேபாளத் தொழிலாளர்கள் பன்னிருவரும் கொல்லப்பட்டார்கள். ஜோர்டானில் வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, ஈராக்குக்குள் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்கள். நேபாளத்துக்கு அங்கே திரும்ப அழைப்பதற்குப் படைகூட இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று காசா எல்லையோரப் பண்ணைகளிலிருந்து தாய்லாந்துத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டதும், அவர்களில் ஐவர் 2025 ஜனவரி வரை சிறையிருந்ததும் இதே கதைதான்.

நம் கடலோடிகளுக்கு நேர்ந்ததையும் மறக்க முடியவில்லை. 2010 செப்டம்பரில் சோமாலியக் கொள்ளையர் பிடித்த 'அஸ்பால்ட் வென்ச்சர்' கப்பலுக்கு 2011 ஏப்ரலில் பணம் கொடுக்கப்பட்ட பிறகும், இந்தியக் கடற்படை சிறைப்பிடித்த தங்கள் ஆட்களை விடவேண்டும் என்று சொல்லி ஏழு இந்திய மாலுமிகளை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். 2014 அக்டோபர் இறுதியில்தான் அவர்கள் விடுபட்டார்கள். கடற்படை செய்தது சரியான வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் அரசு எடுக்கும் சரியான முடிவுக்கும் விலை கொடுப்பவர் ஒரு தொழிலாளியாக இருக்கும்போது, அவருடைய குடும்பத்துக்கு அந்த அரசு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

பேச்சுவார்த்தைகளை ஊரறிய நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. தொகையையும் தூதுவரையும் வெளியே சொன்னால் உயிருக்கு ஆபத்து என்பது எங்களுக்கும் புரியும். ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் 2014 ஜூன் 2 அன்று கடத்தப்பட்ட தமிழ்நாட்டு இயேசு சபைப் பாதிரியார் அலெக்ஸிஸ் பிரேம்குமார் அவர்களை எட்டு மாதங்களுக்கும் மேலாக அமைதியாக முயன்று 2015 பிப்ரவரியில் மீட்டுக்கொண்டு வந்ததும் இதே வெளியுறவு அமைச்சகம்தான். ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் 2014 ஜூலையில் நாடு திரும்பினார்கள். அவர்களிடம் கைப்பேசி இருந்தது, கேரள முதலமைச்சர் அவர்களோடு தொடர்பில் இருந்தார், இரு அரசுகளும் கைகோத்து வேலை செய்தன. முயன்றால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதே வாரங்களில் அதே ஈராக்கின் மோசுல் நகரில் ஐ.எஸ். ஆயுதக் குழுவிடம் பிடிபட்ட இந்தியக் கட்டடத் தொழிலாளர்களை நினைக்கும்போது என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை. 40 பேரில் தப்பி வந்த ஒருவர், மற்ற அனைவரும் சுட்டுக்கொல்லப்பட்டதைச் சொன்னார். அவர் பேச்சு ஏற்கப்படவில்லை. உயிரோடு இருப்பதாகப் பல வழிகளில் தகவல் வருகிறது என்றே குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2018 மார்ச் 20 அன்று, பதூஷ் என்ற இடத்து மண்மேட்டிலிருந்து எடுத்த உடல்களின் மரபணுச் சோதனைக்குப் பிறகு, 39 பேரும் இறந்துவிட்டார்கள் என்று அமைச்சர் சுஷ்மா சுவராஜ் மாநிலங்களவையில் அறிவித்தார். அவையில் முதலில் சொல்வதே மரபு என்று காரணம் கூறப்பட்டது. பஞ்சாபிலும் பீகாரிலும் இமாச்சலத்திலும் மேற்கு வங்கத்திலும் இருந்த அந்த வீடுகளில் பலருக்குச் செய்தி வந்தது தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்துதான். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஒரு பெண் பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் இருந்திருப்பாள். சான்று இல்லாமல் இறந்ததாக அறிவிக்க முடியாது என்ற நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். எங்களுக்கு இது தெரியும், இது தெரியாது, இன்னும் தேடுகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த மதிப்பு முழுமையாக இருந்திருக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அரசின் பார்வைக்கு வருகிறார். மாலியும் நைஜரும் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறிய என் மாணவனின் கடவுச்சீட்டுக்கு அந்த அனுமதியே தேவையில்லை. படித்ததனாலேயே அவன் காப்பு வளையத்துக்கு வெளியே நிற்கிறான். ஈராக்குக்கு 2004இல் விதித்ததைப் போல ஒரேயடியாகத் தடை போட்டால், முகவர்கள் அண்டை நாட்டு விசாவில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், அந்தப் பயணத்தின் சுவடுகூட உங்களிடம் இருக்காது. எனவே தடையை நான் கேட்கவில்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக 2025இல் வரைவு வெளியிட்டிருக்கிறீர்கள். எந்தக் கடவுச்சீட்டானாலும் எந்த நாடானாலும், மோதல் நடக்கும் பகுதிக்கு வேலைக்குப் போகிறவரின் ஒப்பந்தம் தமிழிலோ அவரவர் தாய்மொழியிலோ பதிவாக வேண்டும், வேலையிடத்தின் மாவட்டப் பெயர் அதில் இருக்க வேண்டும், அந்த மாவட்டத்தில் அண்மையில் கடத்தல் நடந்திருந்தால் அதைக் கையெழுத்துக்கு முன்பே அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதுங்கள்.

கடத்தப்பட்டவரின் சம்பளம், ஒப்பந்தம் எடுத்த தலைமை நிறுவனத்தின் பொறுப்பில், அவர் திரும்பும் நாள்வரை வீட்டுக்கு வரவேண்டும். துணை ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்று கைகாட்ட இடம் தரக் கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முகவருக்குக் கட்டும் பணம் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியது, ஆள் காணாமல் போனாலும் வட்டிக்காரர் மாதாமாதம் வாசலுக்கு வந்துவிடுவார்.

ஆணையர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு செய்தி வந்த அன்றே, அந்தக் குடும்பத்துக்கென்று ஓர் அலுவலரைப் பெயரோடும் எண்ணோடும் ஒதுக்குங்கள். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாத நாளிலும் அவர் குடும்பத்தோடு பேசட்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும். மலையிலிருந்து பேருந்து பிடித்து வரும் ஒரு தாயை இந்த இருக்கைக்கும் அந்த இருக்கைக்குமாக அலையவிட வேண்டாம்.

என்னிடம் படித்த இன்னும் இருவர், ஒருவர் வாழப்பாடிக்காரர், மற்றவர் ஓமலூர், அடுத்த மாதம் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கம்பி இழுக்கும் வேலைக்குக் கிளம்புகிறார்கள். போகாதே என்று சொல்ல என்னிடம் வேறு வேலை இல்லை. அதனால் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற கட்டத்தில், வீட்டு எண்ணுக்குக் கீழே உங்கள் அலுவலகத்தின் எந்த எண்ணை எழுதச் சொல்லட்டும்? அவர்கள் கிளம்புவதற்குள் அதைத் தெரிவித்து உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
சேலம்.