கல்யாண வீட்டு நாய், பூனைக்கு துணி தைக்கிறது பத்தி நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஆச்சிமார், அண்ணன்மார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் காரைக்குடில இருந்து வணக்கம்.

தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் வர ஆரம்பிச்சிடுச்சு. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர்னு எங்கெங்கயோ இருந்து வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி "எங்க சீசருக்கு மாப்ள கலர்லயே ஒரு ஷெர்வானி வேணும், பத்தே நாள்ல முடியுமா"ன்னு கேக்குறீங்க. வீட்டு கல்யாணத்துல அதுவும் ஒரு ஆளா நிக்கணும்னு நினைக்கிறீங்க பாருங்க, அந்த ஆசைய மதிச்சுத்தான் இந்த வேலையே பாக்குறோம். ஆனா இந்த சீசன்ல இருந்து போட்டோவ மட்டும் பாத்து தைக்கப் போறதில்ல, சில ஐட்டம் என்ன விலை குடுத்தாலும் தைக்கப் போறதில்ல. ஏன்னு உங்களுக்கு தெளிவா சொல்லிடணும்னுதான் இத எழுதுறோம், கொஞ்சம் நீளமா இருக்கும், கல்யாண வேலைக்கு நடுவுல நேரம் கிடைக்கும்போது படிங்க.

முதல்ல சூடு. நமக்கு உடம்பு பூரா வேர்க்குது, காத்து பட்டா ஆறிடுது. நாய்க்கு அப்படி இல்ல, பாதத்துல மட்டும்தான் லேசா வேர்க்கும், மத்தபடி வாயத் தொறந்து மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளணும். அதோட சாதாரண உடம்பு சூடே 101ல இருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட், 104 தாண்டினாலே ஆபத்து. இதுக்கு மேல வெல்வெட்டு, பாலியஸ்டர் சாட்டின், உள்ள கேன்வாஸ் வச்ச ஷெர்வானின்னு போட்டு பந்தல்ல ஆயிரம் பேருக்கு நடுவுல நிறுத்தினா அது எப்படி தாங்கும். தை மாசம் காலைல பரவால்ல, வைகாசி கல்யாணம்னா நம்ம பக்கம் மத்தியானம் 38, 40 டிகிரி சர்வ சாதாரணம். பக், பிரெஞ்ச் புல்டாக், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பையா இருக்குற நாய்ங்களுக்கு மூச்சு வாங்குறதே செரமம், அதுங்களுக்கு உடம்ப மூடுற எந்த துணியும் நாங்க தைக்க மாட்டோம். போன வைகாசில தேவகோட்டை பக்கம் ஒரு வீட்ல பக்குக்கு மெரூன் வெல்வெட்டு கோட்டு கேட்டாங்க, நாங்க பேசிப் பாத்து பொண்ணோட கூரைப்புடவை கலர்லயே ஒரு கழுத்து ஸ்கார்ப் மட்டும் தைச்சு குடுத்தோம். திண்ணைல எடுத்த குடும்ப போட்டோவ அப்புறம் அனுப்பியிருந்தாங்க, நடுவுல அது ஜம்முன்னு உக்காந்திருக்கு, போட்டோவுல முதல்ல கண்ணு போறதே அது மேலதான்.

சரி எந்த துணி நல்லதுன்னா, பதில் நம்ம ஊர்லயே இருக்கு. கண்டாங்கி. 2019ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம காரைக்குடி கண்டாங்கி சேலை, பருத்தி, கட்டம் போட்டு அகலமா கரை வச்சு வரும், அரக்கு மஞ்சள் கருப்புன்னு கண்ணப் பறிக்கிற கலரு. எந்த நாய்க்கும், அது கருப்பு லேப்ரடாரோ வெள்ளை ராஜபாளையமோ, அந்த அரக்கு கரை எடுப்பா இருக்கும். புதுசுல கஞ்சி வெறப்பா இருக்கும், அத அப்படியே தைச்சா அக்குள்ல உராஞ்சு தோல் செவந்துடும், அதனால புது துணிய ரெண்டு தடவ அலசி காயப்போட்டு சாயம் போகுதான்னும் பாத்துட்டுத்தான் வெட்டுவோம், நாய் நக்கும் இல்லையா. எங்களக் கேட்டா புதுசே வாங்க வேணாம். ஆயா கட்டின பழைய கண்டாங்கி பெட்டில மடிச்சு கிடக்கும் பாருங்க, கட்டி கட்டி துவைச்சு துவைச்சு பஞ்சு மாதிரி ஆகியிருக்கும், அத எடுத்துட்டு வாங்க. கிழிஞ்ச எடத்த விட்டுட்டு கரைய மட்டும் எடுத்து தைச்சிடுறோம், தையல் கூலி மட்டும் குடுத்தா போதும். கல்யாணத்துக்கு வந்த பெரியவங்க அந்தக் கரைய அடையாளம் கண்டுபிடிச்சு தடவிப் பாப்பாங்க, அத பல வீட்ல நாங்களே பாத்திருக்கோம்.

பட்டுதான் வேணும்னா பட்டு வெளிப்பக்கம் மட்டும், உள்ள முழுக்க மல் துணி லைனிங். ஜரிகை தோல்ல பட்டா அரிக்கும், ஜரிகையோட பின்பக்கத்த உங்க உள்ளங்கைல தேச்சுப் பாருங்க, தெரியும். குஞ்சலம், முத்து, சமிக்கி, கண்ணாடி இதெல்லாம் வாய்க்கு எட்டுற எடத்துல வைக்கவே மாட்டோம், கடிச்சு முழுங்கினா குடல்ல போய் அடைச்சுக்கும், அதுவும் நூலோட சேத்து முழுங்கினா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். செட்டிநாட்டுக் கல்யாணத்துல பொண்ணுக்குப் போடுற கழுத்துரு தாலி மாதிரியே கவரிங்ல செஞ்சு நாய்க்குப் போடணும்னு கேக்குறவங்க இருக்காங்க. அந்த எடைய கழுத்துல தொங்கவிட வேணாம், அதே டிசைன மஞ்ச நூல்ல ஸ்கார்ப் மேல எம்பிராய்டரி போட்டுத் தர்றோம், போட்டோவுல அது ரொம்ப அழகா வரும்.

ஏன் நேர்ல கூட்டிட்டு வரச் சொல்றோம்னா, ஒரே ஜாதி நாயிலயே ரெண்டு நாய்க்கு ஒரே அளவு வராது. கழுத்து சுத்தளவு, முன்னங்கால் பின்னாடி நெஞ்சு சுத்தளவு, கழுத்து முடியிற எடத்துல இருந்து வாலு ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் முதுகு நீளம், இந்த மூணும் நின்ன வாக்குல எடுக்கணும், போட்டோவுல பாத்து சொல்ல முடியாது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம்ம நாட்டு வேட்டை நாய்ங்களுக்கெல்லாம் நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டி உள்ள போயிருக்கும், கடைல விக்கிற ரெடிமேட் துணி அதுங்களுக்கு நெஞ்சுல இறுக்கும் இடுப்புல தொங்கும். தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அளவா இருக்கறதால சாதா பட்டை போட்டா பின்னாடி ஒரு இழுப்பு இழுத்தாலே உருவிட்டு வந்துடும், அதுங்களுக்கு இழுத்தா மட்டும் கொஞ்சம் இறுகுற மாதிரி அகலப் பட்டை தனியா தைக்கிறோம், வெளில கண்டாங்கிக் கரை வச்சு. எந்தத் துணிக்கும் கழுத்துலயும் நெஞ்சுலயும் ரெண்டு விரல் தாராளமா நுழையணும். ஆண் நாய்க்கு வயித்துப் பக்கம் துணி குட்டையா வெட்டணும், இல்லைன்னா காலத் தூக்கினதும் எல்லாம் நனைஞ்சு மண்டபத்துக்குள்ள வாடை அடிக்கும்.

மாட்டுறதுக்கு வெல்க்ரோ வேணாம்னு சொல்லிட்டோம். பிரிக்கும்போது வர்ற அந்த சர்ர் சத்தத்துக்கே சில நாய் மிரளும், நீள முடி இருந்தா முடிய பிடிச்சுக்கிட்டு பிடுங்கும். டிச் பட்டன்தான் வைக்கிறோம், சட்டுனு கழட்டிடலாம். சட்டுனு கழட்ட முடியாத துணிய எந்த மிருகத்துக்கும் போடக் கூடாதுங்கறதுல நாங்க உறுதியா இருக்கோம்.

தலப்பா தைக்க மாட்டோம். காத மூடி தாடைக்குக் கீழ எலாஸ்டிக் போட்டு இழுக்கறது அதுக்கு பெரிய தொந்தரவு, காதாலதான் அது பாதி சங்கதி புரிஞ்சுக்குது, காத வச்சுத்தான் நம்மகிட்ட பேசவும் செய்யுது. சலங்கைப் பட்டையும் நாய் பூனைக்கு இல்ல. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு அதுக்கும் ரெண்டு மடங்குக்கு மேல போகும், பூனைக்கு இன்னும் மேல. காதுக்குக் கீழயே நாள் பூரா கிணுகிணுன்னு அடிச்சா எப்படி இருக்கும். வேட்டிய பின்னங்கால்ல சுத்தறதும் வேணாம், அதுக்கு பதிலா முதுகு மேல வெள்ளைத் துணில ரெண்டு பக்கமும் கரை தொங்குற மாதிரி ஒண்ணு வெட்டுறோம், பாக்க வேட்டி அங்கவஸ்திரம் போட்ட மாதிரியே இருக்கும், கால் நாலும் ஃப்ரீயா இருக்கும்.

கால்னு சொன்னதும் இன்னொன்னு. சாக்ஸ், ஷூ கேக்காதீங்க. தரைல பதிச்ச ஆத்தங்குடி கல்லு எப்படி வழவழன்னு இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், அதுலயும் விசேஷத்துக்கு தொடைச்சு வச்ச வளவுல, அதான் முற்றத்த சுத்தி இருக்குற கூடத்துல, சாக்ஸ் போட்ட நாய் நடந்தா நாலு காலும் நாலு பக்கம் வழுக்கும், வயசான நாய்னா இடுப்பே போயிடும். பாதத்துக்கு அடில விரலுக்கு நடுவுல வளர்ற முடிய வெட்டி, நகத்தையும் வெட்டிட்டாலே பிடிப்பு வந்துடும். மாப்பிள்ளை அழைப்புக்கு ரோட்ல கூட்டிட்டுப் போறதா இருந்தா உங்க புறங்கைய ரோட்ல அஞ்சு ஏழு செகண்டு வச்சுப் பாருங்க, வைக்க முடியலன்னா அதுக்கும் பாதம் வெந்துடும், வெயில் தாழ்ந்ததும் கூட்டிட்டுப் போங்க.

பூனை பத்தி. பூனைக்கு சட்டை தைக்கறத நிறுத்திட்டோம். துணி போட்டதும் பல பூனை அப்படியே உறைஞ்சு போய் சாஞ்சு விழுந்துடும், பாக்குறவங்க சமத்தா படுத்திருக்குன்னு நினைப்பாங்க, உண்மைல அது பயந்து கிடக்கு. பூனைக்கு எங்கயாவது மாட்டினா தானா விட்டுக்கிற க்ளிப் வச்ச மெல்லிசு பட்டை மட்டும், அதுலயே கரைய வச்சு அழகு பண்ணித் தர்றோம். தவில் நாயனம் வெடின்னு அமளியா இருக்கும்போது அத வீட்டுக்குப் பின்பக்கம் இரண்டாம்கட்டுல ஏதாவது ஒரு அறைல ஃபேன போட்டு, தண்ணி, மண் தட்டு, அதோட பழைய போர்வை வச்சு கதவ சாத்திடுங்க. போட்டோ முதல்நாளே அமைதியா எடுத்துக்கலாம்.

கிளிக்கு சின்ன சால்வை கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க. பச்சைக்கிளி வளர்க்கறதே 1972ஆம் வருஷத்து வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குத்தம், அதனால அந்த வேலைய எடுக்கறதே இல்ல.

கண்ணுக்குட்டிக்கு, மாட்டுக்கு கேக்குறவங்களுக்கு தாராளமா பருத்தில நெத்திப்பட்டை, முதுகுத் துணி தைச்சுத் தர்றோம். பிளாஸ்டிக் பூ மாலை மட்டும் போடாதீங்க, நாக்க நீட்டி இழுத்து முழுங்கிடும், அது வயித்துலயே தங்கிடும். நிஜப் பூ மாலைலயும் அரளி இருக்கான்னு பாத்துக்கங்க, இது நாய் பூனை மாடு எல்லாத்துக்குமே சொல்றோம், அரளி இலை பூ தண்டு எல்லாமே விஷம், கொஞ்சம் தின்னாலே இதயத்த பாதிக்கும். மல்லியும் ரோஜாவும் போதும், கட்டுறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. செண்ட் அடிக்க வேணாம், கடைல விக்கிற கெமிக்கல் குங்குமம் வேணாம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, எங்களால செய்ய முடியாதது. துணி கைக்கு வந்ததும் கல்யாணத்து அன்னைக்கு முதல் தடவையா போடாதீங்க. ரெண்டு வாரம் முன்னாடியே தினம் கொஞ்ச நேரம் போட்டுப் பழக்குங்க, முதல்ல மோந்து பாக்க விடுங்க, அப்புறம் முதுகுல சும்மா வச்சு ஒரு பிஸ்கட், அப்புறம் பட்டன். வால உள்ள மடக்குறது, உதட்ட நக்கிக்கிட்டே இருக்கறது, கொட்டாவி கொட்டாவியா விடறது, அசையாம நிக்கிறது, இதெல்லாம் பிடிக்கலங்கறதோட அடையாளம். ரெண்டு வாரத்துலயும் பழகலன்னா துணிய திருப்பிக் கொண்டாங்க, அதையே பிரிச்சு ஸ்கார்பா மாத்திக் குடுக்கறோம், அதுக்கு காசு வாங்க மாட்டோம்.

சென்னைல அப்பார்ட்மெண்ட்ல வளர்ந்த நாய் 400 கிலோமீட்டர் கார்ல வந்து, வருஷத்துல பாதி நாள் பூட்டிக் கிடக்குற பூர்வீக வீட்ல இறங்குது, அங்க பங்காளி வீட்டுக் கூட்டம், புது வாடை, புது சத்தம். முகப்பு ஒரு தெருவுல, கொல்லைக் கதவு அடுத்த தெருவுல, கல்யாண நாள்ல ரெண்டும் தொறந்தே கெடக்கும். மிரண்டு ஓடினா எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியாது. அதனால நாங்க தைக்கிற எல்லா துணிலயும் பட்டைலயும் உள்பக்கம் உங்க போன் நம்பர தைச்சே குடுக்கறோம், ஆர்டர் சொல்லும்போது கல்யாண நாள் அன்னைக்கு எடுக்குற ஆளோட நம்பரா குடுங்க, பொண்ணோட அப்பா நம்பர குடுத்தா அவரு எங்க எடுக்கப் போறாரு. கையில பிடிச்சுக்கறதுக்குன்னே வேற வேலை இல்லாத ஒரு ஆள போடுங்க, அதுக்குப் பழக்கப்பட்ட ஆளா இருக்கணும். திருப்பூட்டு, அதான் தாலி கட்டுற நேரத்துல எல்லார் கண்ணும் அங்க இருக்கும்போது இதப் பாக்க ஒருத்தர் வேணும். குத்துவிளக்கு பக்கத்துலயும் விடாதீங்க.

அழகா உடுத்திட்டு நிக்கிற நாய்க்கு வர்றவங்க போறவங்க எல்லாம் ஆசையா ஏதாவது ஊட்டுவாங்க. பாயாசத்துல இருக்குற திராட்சை நாய்க்கு கிட்னிய கெடுக்கும், சாம்பார் வெங்காயம் ரத்தத்த கெடுக்கும், சாக்லேட்டும் ஆகாது. அதுக்காக முதுகுத் துணில "எனக்கு எதுவும் ஊட்டாதீங்க"ன்னு பெரிய எழுத்துல எம்பிராய்டரி போட்டுத் தர்றோம், கேட்டா போதும், தனிக் காசு இல்ல. குழந்தைங்க படிச்சுட்டு மத்தவங்களுக்கும் சொல்லுதுங்களாம்.

போட்டோ எடுத்து முடிஞ்சதும், பதினஞ்சு இருபது நிமிஷத்துல, துணிய கழட்டிடுங்க, பட்டை மட்டும் இருக்கட்டும். நாக்கு ரொம்ப வெளிய தள்ளி எச்சி ஒழுக மூச்சு வாங்குச்சுன்னா, தள்ளாடுச்சுன்னா, ஒடனே துணிய கழட்டி நிழலுக்கு கொண்டு போய் சாதா தண்ணிய வயித்துலயும் பாதத்துலயும் ஊத்தி ஃபேன வச்சுட்டு அப்படியே கால்நடை டாக்டர்ட்ட போங்க. ஈரத் துண்ட போத்தி விடாதீங்க, அது சூட்ட உள்ளயே பிடிச்சு வச்சுக்கும்.

அளவு எடுக்க கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி வாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல வந்தா கூட்டம் இருக்காது, அதுவும் நிதானமா நிக்கும். வரும்போது அதுக்குப் பிடிச்ச தீனி கொஞ்சம், பொண்ணு புடவையோட ஒரு துண்டோ போட்டோவோ, ஆயா கண்டாங்கி இருந்தா அதையும் கொண்டாங்க. வெளியூர்க்காரங்க நேர்ல வர முடியலன்னா வீடியோ கால்ல வாங்க, டேப்ப எப்படி பிடிக்கணும்னு நாங்க சொல்லச் சொல்ல நீங்க அளங்க, ஊருக்கு வந்ததும் ஒரு தடவ போட்டுக் காட்டிட்டா லூசு டைட்ட கையோட சரி பண்ணிடுவோம்.

அன்போட,
உங்க தையல் கடை, காரைக்குடி