முகாம்களில் முதுமையடையும் சாட்சிகள்: மறுவாழ்வுத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அணைக்கட்டுகளை ஒட்டியிருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட மகனையோ கணவரையோ உடன்பிறந்தவரையோ இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் விரும்புகிறவர்களிடமிருந்து வாக்குமூலத்தையும் மரபணு மாதிரியையும் முறைப்படி பெற்றுப் பாதுகாக்க உங்கள் துறை முன்வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. வீடு, பணக்கொடை, குடியுரிமை என முகாம்களைப் பற்றிப் பேச வேண்டியவை பல உண்டு. அவற்றைப் பேசுவோரும் இருக்கிறார்கள். இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் நடப்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1996இல் இராணுவத்தினரால் கொல்லப்பட்ட பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் ஒருவர், அங்கே 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருப்பதாக 1998இல் நீதிமன்றத்திலேயே சொன்னார். மறு ஆண்டு அகழ்ந்தபோது 15 உடல்கள் கிடைத்தன. அத்தோடு கால் நூற்றாண்டு அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று. 2025 பிப்ரவரியில் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட, நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்வு தொடங்கி, அவ்வாண்டிலேயே 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. நீல நிறப் பள்ளிப் பை ஒன்றும் பால் போத்தல் ஒன்றும் கிடைத்தன. ஆகஸ்டில் அப்பொருட்களை மக்கள் பார்த்து அடையாளம் சொல்வதற்காக நீதிமன்றம் காட்சிக்கு வைத்தது. ஊத்தங்கரைக்குப் பக்கத்தில், பாம்பாறு அணை முகாமில் இருக்கும் ஒரு தாய், கடவுச்சீட்டும் பணமும் இல்லாமல், அன்று அங்கே போய் நின்றிருக்க முடியுமா?

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு ஸ்பெயினைப் பார்க்கலாம். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரிலும் பின்வந்த பிராங்கோவின் சர்வாதிகாரத்திலும் கொல்லப்பட்ட குடியரசு ஆதரவாளர்கள் சாலையோரப் பள்ளங்களிலும் மயானச் சுவர்களின் ஓரத்திலும் புதைக்கப்பட்டனர். 1975இல் பிராங்கோ இறந்த பிறகும், 1977இன் பொது மன்னிப்புச் சட்டத்தின் நிழலில், அந்நாடு அவர்களைப் பற்றிப் பேசாமலிருக்கவே தீர்மானித்தது. 2000இல் எமிலியோ சில்வா என்ற பத்திரிகையாளர் தம் பாட்டனாரைத் தேடி, பிரியரான்சா டெல் பியெர்சோ என்ற சிற்றூரில் 13 பேரின் எலும்புகளைத் தோண்டியெடுக்கச் செய்த பிறகுதான் நாடெங்கும் குழிகள் திறக்கப்பட்டன. நினைவுச் சட்டங்கள் 2007இலும் 2022இலும் வந்தன. அதற்குள் இறந்தோரின் மனைவியர் போய்விட்டனர், பிள்ளைகளிலும் பலர் போய்விட்டனர். எலும்பு கிடைத்தும், ஒப்பிட நெருங்கிய உறவு இல்லாமல், பெயரின்றிப் பெட்டியில் இருப்போர் அங்கே பலர். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் மாதிரிதான் ஒப்பீட்டுக்கு வலுவானது. தலைமுறை தள்ளத் தள்ள உறுதி குறையும்.

அர்ஜென்டினா இதை முன்கூட்டியே உணர்ந்துகொண்டது. 1976 முதல் 1983 வரையிலான இராணுவ ஆட்சியில் பறிக்கப்பட்ட பேரக் குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், தாங்கள் இறந்த பிறகும் தங்கள் இரத்தம் சாட்சி சொல்ல வேண்டும் என்று போராட, 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி உருவாயிற்று. நமக்கு இன்னும் நெருக்கமானது போஸ்னியா. ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரின் உடல்கள் பொக்லைன் கொண்டு பிடுங்கப்பட்டு வேறு குழிகளில் கொட்டப்பட்டிருந்தன. ஒருவரின் எலும்பே பல இடங்களில் கிடந்தது. உறவினர்களோ பல நாடுகளில் அகதிகள். காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணையம் அந்நாடுகளிலும் உறவினர்களின் இரத்த மாதிரியைச் சேகரித்ததால்தான் இன்று ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் திரும்பியிருக்கிறது.

மாதிரி மட்டும் போதாது. முன்பல் உடைந்திருந்ததா, சிறுவயதில் கை முறிந்ததா, கடைசியாக உடுத்தியிருந்தது என்ன, எந்தச் சோதனைச் சாவடியில், யாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பவையும் எழுதப்பட வேண்டும். இவற்றைத் தாய் அறிவாள். இங்கேயே பிறந்த அவளுடைய பேரப்பிள்ளை அறியாது.

தயக்கம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவு காவலர்களின் கண்காணிப்பிலேயே வாழ்ந்து பழகியவர்கள், அரசு இரத்தம் கேட்டால் அஞ்சத்தான் செய்வார்கள். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆகவே காவல்துறைக்கு இதில் எந்த வேலையும் இருக்கக் கூடாது. தடய அறிவியல் துறையின் ஆய்வகத்தில் மாதிரி பாதுகாக்கப்படலாம். குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலின்றி எந்த நாட்டுக்கும், குறிப்பாக இலங்கை அரசின் எந்த அமைப்புக்கும், அது போகக் கூடாது. கடல் கடந்து தரவு அனுப்புவது ஒன்றிய அரசின் கையில் உள்ளது என்பது உண்மைதான். ஆனால், சேகரித்து வைப்பதற்கு டெல்லியின் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் பகுதிக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 1992இல் தருமபுரி மாவட்டத்து மலைவாழ் மக்களின் ஊரான வாச்சாத்தியில் அரசு ஊழியர்கள் செய்த தாக்குதல், பாலியல் வன்முறை உள்ளிட்ட கொடுமைக்கு 2011இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர். 2023இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அந்த மலைவாழ் பெண்கள் உயிரோடிருந்து, கேட்ட இடத்திலெல்லாம் கண்டதைச் சொன்னதால்தான் அது முடிந்தது. செம்மணிக்கு வேண்டிய சாட்சிகளில் சிலர் உங்கள் துறையின் பதிவேட்டில், குடும்ப எண்ணோடு இருக்கிறார்கள்.

எழுபது வயதைக் கடந்தவர்களிடமிருந்து தொடங்கலாம். பாம்பாறு அணை முகாமுக்கு அலுவலர்கள் வரும் நாளைத் தெரிவித்தால், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்கு என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்