குஞ்சப்பனையில் நின்றிருந்த உனக்கு

தம்பிக்கு,

இன்று ஏப்ரல் 19. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். உன் மகள் நான் எழுதுவதையெல்லாம் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டு உன்னிடம் காட்டட்டும்.

கோத்தகிரியை விட்டு மலைக்குக் கீழே, உன் வீட்டுக்கே வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எத்தனை வருஷமாக நீ கேட்டதற்கு இப்போதுதான் சரி என்கிறேன். வீட்டை என்ன செய்வது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள். அதை நேரில் பேசிக்கொள்வோம். ஆனால் உன் வீட்டு வாசல்படி ஏறுவதற்கு முன்னால் 2020-இல் நடந்த அந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வந்து உன் சோற்றைச் சாப்பிட என்னால் முடியாது.

ஊரடங்கு போட்ட அன்று ஒரு நோட்டு எடுத்தேன். பழைய 40 பக்க நோட்டு, அம்மா பால் கணக்கு எழுதி வைத்தது. அதில் மிச்சமிருந்த பக்கங்களில் ஒவ்வொரு நாளும் யாரிடம் பேசினேன் என்று மட்டும் எழுதினேன். போனில் பேசியதைத் தனியாக ஒரு கோடு போட்டுக் கீழே எழுதுவேன். 21 நாள் என்றார்கள். 21 நாள்தானே, சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. ‘பால்காரர். ரேஷன் கடைத் தம்பி. வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டி.’ இப்படிப் போகிறது. நடுவில் ஐந்தாறு நாட்களுக்கு ‘யாருமில்லை’ என்று இருக்கிறது.

பகலில் தெரியவில்லை. தோட்டத்தில் கொழுந்து பறிக்க ஆள் விட்ட பிறகு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சரிவில் தள்ளித் தள்ளி நின்று பறிக்கும் பெண்களை ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருத்தி கை ஆட்டினாள் என்று ஒரு நாள் நோட்டில் எழுதியிருக்கிறேன். அது பேச்சில் சேருமா என்று யோசித்து, சேர்த்துக்கொண்டேன். சாயங்காலம் உதகை வானொலி. அது முடிந்து பனி இறங்கியதும்தான் கஷ்டம். சீசன் நேரத்தில் விடிய விடிய வண்டிச் சத்தம் கேட்கும் ரோட்டில் ஒரு சத்தம் இல்லை. காட்டெருமை தார் ரோட்டில் நடந்தால் குளம்புச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்களே, நான் திண்ணையில் ஐந்து அகல் வைத்தேன். உள்ளே எடுத்து வைக்க மறந்து படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் ஐந்தும் கவிழ்ந்து கிடக்கின்றன, சொட்டு எண்ணெய் இல்லை. கரடி வந்து நக்கிவிட்டுப் போயிருக்கிறது. பயப்பட்டிருக்க வேண்டும். யாரோ வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்றுதான் இருந்தது எனக்கு. இதை உன்னிடம் அன்றைக்கே போனில் சொல்லியிருந்தால் அப்போதே புரிந்துகொண்டிருப்பாய். சொல்லவில்லை.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். 21 நாள் முடிகிறது என்று பாயசத்துக்குப் பாசிப்பருப்பு எடுத்து வைத்திருந்தேன். காலை 10 மணிக்கு டிவியில் மே 3 வரை என்று சொன்னார்கள். பருப்பைத் திரும்ப டப்பாவில் போட்டேன். அன்றிலிருந்து ஐந்து ராத்திரி தூங்கவில்லை. கொஞ்சம் கண் அசந்தால் நெஞ்சு படபடத்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மாத்திரையும் தீர்ந்துவிட்டது. போனில் நீ ‘என்னக்கா குரல் ஒரு மாதிரி இருக்கு’ என்று கேட்டாய். சளி என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி இருக்கும். உன் நம்பரிலிருந்து போன். எடுத்தால் வேறு குரல்.

“அம்மா, கோத்தகிரியில இருந்து பேசறீங்களா? குஞ்சப்பனை செக்போஸ்ட்டுங்க. உங்க தம்பின்னு ஒருத்தர் டூவீலர்ல வந்து நிக்கறார். பாஸ் இல்லை. அக்கா தனியா இருக்காங்க, உடம்பு சரியில்லைன்னு சொல்றார். நிஜமா?”

பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது. நீ இருமியதும் கேட்டது.

“எனக்கு ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்போ திருப்பி அனுப்பிடலாமா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை நீ கவனித்தாயா என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் “அனுப்பிடுங்க” என்றேன்.

நீ போனை வாங்கிப் பேசுவாய் என்று காதில் வைத்துக்கொண்டே நின்றேன். கட் ஆனது. நோட்டில் அன்றைய பக்கத்தில் ‘போலீஸ்காரர்’ என்று மட்டும் இருக்கிறது. உன் பெயரை எழுத முடியவில்லை, நாம் பேசவில்லையே.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆறு வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். ஏப்ரல் தொடக்கத்திலேயே மாவட்டத்தில் சில தெருக்களைத் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்து ஹட்டியில், அந்தப் படுகர் ஊரில், வெளியாள் வராதபடி வழியில் மூங்கில் கட்டியிருந்தார்கள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்குக் கீழேயிருந்து மகன் வந்தான் என்று யாரோ தகவல் சொல்லி, கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, 14 நாள் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யார் வீடு என்று எழுதமாட்டேன், அவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். நீ வந்திருந்தால் நமக்கும் அதுதான். இது நியாயமான காரணம்தான், இல்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். வீட்டைப் பற்றிப் பேசத்தான் வருகிறாய் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்தேன், ஆமாம். நினைக்கிற மாதிரி நீயும் அதற்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறாய். 19 வயதில் மலை இறங்கியவன் நீ. அம்மா படுத்த பிறகு குளிப்பாட்டியது, தூக்கி உட்கார வைத்தது, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தது எல்லாம் நான். நீ வருஷத்துக்கு இரண்டு தரம், சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வந்து நிற்பாய். அம்மாவுக்கு உன்னைப் பார்த்ததும் முகம் மலரும். அடுத்த நாள் நீ போன பிறகு இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். அதைப் பார்த்தது நீ இல்லை, நான்.

அதை எழுதும்போதுதான் தெரிகிறது. உண்மையான காரணம் அதுதான். தனியாக இருக்க எப்படியோ பழகிக்கொண்டிருந்தேன். நோட்டு, ரேடியோ, ஜன்னல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். நீ வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தால், அன்றைக்கு ராத்திரியை என்னால் தாண்டியிருக்க முடியாது. அம்மா எப்படிச் சாப்பிடாமல் கிடந்தாளோ அப்படித்தான் கிடந்திருப்பேன். என்னைத் தூக்கி உட்கார வைக்க ஆள் கிடையாது.

ஆனால் நீ பொய் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சரியில்லைதான். குரலை வைத்தே கண்டுபிடித்து, பாஸ் இல்லாமல் காரமடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவனை, ஒரு போலீஸ்காரர் முன்னால் பொய்யன் ஆக்கினேன். அதற்கு மன்னித்துக்கொள். மற்றதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்புறம் நீ செய்தது. அந்தச் செப்டம்பர் 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டார்கள். மலை ஏற இ-பாஸ் கேட்டார்கள்தான், எடுத்திருக்கலாம். நீ வரவில்லை. டிசம்பர் 31 அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலே மறுபடி ஏறி வந்தது. நீ வரவில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னேன் என்று ஆறு வருஷம். அன்றைக்கு நான் தயங்கிய அந்த ஒரு நிமிஷத்தை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இது உனக்குத் தெரியாது: அன்று சாயங்காலம் ஒரு லாரி கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. மேட்டுப்பாளையத்துக்குக் காய் இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டி. டிரைவர் கிட்டே வராமல் மஞ்சள் பையைக் கேட் மேல் மாட்டிவிட்டு, “செக்போஸ்ட்ல ஒருத்தர் குடுத்தார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து முருங்கைக்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை, இரண்டு மாங்காய், அடியில் என் பிரஷர் மாத்திரை மூன்று அட்டை. சரியான மாத்திரை, சரியான பவர். மூன்று நாள் முருங்கைக்காய் சாம்பார் வைத்துச் சாப்பிட்டேன். பை வந்ததா என்று நீ கேட்கவில்லை, வந்தது என்று நானும் சொல்லவில்லை. வந்தது, தம்பி.

மே பிறப்பதற்குள் வா. சீசனுக்கு ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டால் நம் ரோட்டில் இறங்கத்தான் விடுவார்கள், குன்னூர் சுற்றி வர வேண்டியிருக்கும். 2024 மே 7-இலிருந்து வெளி வண்டிக்கு மறுபடி இ-பாஸ் வந்துவிட்டது, உன் டி.என். 40 வண்டிக்கும் எடுக்க வேண்டும். மகளிடம் சொன்னால் எடுத்துக் கொடுப்பாள். தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டு வராதே, பிடுங்கிவிடுவார்கள். குஞ்சப்பனையில் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டால் அக்கா வீட்டுக்கு என்று சொல். எனக்குப் போன் போட்டுக் கேட்டால் விடச் சொல்கிறேன்.

அக்கா