இரண்டு தலைக்கயிறுகள்

மதிப்பிற்குரிய யான் ஜினியேவிச் ஐயாவுக்கு,

வணக்கம். யானுவ் பொட்லாஸ்கி அரேபியக் குதிரைப் பண்ணை என்றால் குதிரைக்காரர்கள் வித்ராஷ் என்பார்கள், வியெல்கி ஷ்லெம் என்பார்கள். அந்த இரண்டு பொலிகுதிரைகளையும் போர்க்காலத்தில் கையில் பிடித்துக்கொண்டு நின்ற லாயக்காரரான உங்கள் பெயர் பலருக்குத் தெரியாது. அது எங்களுக்குப் பெரிய குறை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போலந்தில் 1817-ல் தொடங்கிய பண்ணை. 1939 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் படையெடுத்தபோது குதிரைகளைக் கிழக்கே ஓட்டிப் பார்த்துத் திரும்பினார்கள். பின்னால் வந்த சோவியத் படை பெரும்பாலானவற்றைக் கொண்டுபோனது. ஓஃபிர் என்ற பொலிகுதிரையும் போயிற்று. ஓஃபிருக்கு 1938-ல் பிறந்த குட்டிகளில் இந்த இரண்டும் பண்ணைக்கு மிஞ்சின. 1944-ல் ஜெர்மானியர்கள் பண்ணையையே ஜெர்மனியின் சாக்சனி பகுதிக்கு மாற்றினார்கள். சோவியத் படை நெருங்கவே, 1945 பிப்ரவரியில் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று, கால்நடையாக.

குளிர்காலத்தில் குதிரையை நடத்திக் கூட்டிப்போவது எவ்வளவு கஷ்டம் என்று லாயத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். லாடத்துக்குள் பனி உருண்டையாகத் திரண்டு குதிரை சறுக்கும். அடிக்கடி நின்று குளம்பைச் சுரண்ட வேண்டும், உள்ளங்காலில் கொழுப்புத் தடவ வேண்டும். தண்ணீர் சில்லென்றிருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும். காய்ந்த வைக்கோலைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல்லும் 20 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும் வேண்டும். அகதிகள் நிறைந்த சாலையில் இதை எங்கே தேடுவது?

ஆள் போதாமல் உங்கள் கையில் இரண்டு. அதுவும் பொலிகுதிரைகள். பக்கம் பக்கமாக விட்டால் ஒன்றையொன்று கடிக்கும். நடுவில் மனிதன் நின்றால்தான் அடங்கும். இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்போது, ஒன்று முன்னங்காலைத் தூக்கினால் மற்றதை அடக்க வேறு கை ஏது?

பிப்ரவரி 13 இரவு சாக்சனியின் டிரெஸ்டன் நகரில் நேச நாட்டு விமானங்களின் குண்டு விழுந்தபோது ஊர்வலம் அங்கேதான் இருந்தது. 80 பொலிகுதிரைகளில் 21 போய்விட்டன. உங்கள் இரண்டும் உங்கள் கையிலேயே இருந்தன.

தலைக்கயிற்றை விடாமல் இழுத்துப் பிடித்தால் குதிரை எதிர்த்து இழுக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டால் விரல் முறியும், இல்லாவிட்டால் தரையோடு இழுபட வேண்டியதுதான். தோளோரம் நின்று, சிறிதாக இழுத்து, உடனே தளர்த்தி, மறுபடி இழுக்க வேண்டும். பகலில், அமைதியான முற்றத்தில், ஒரு குதிரையோடு இதைச் செய்யவே பழக்கம் வேண்டும். தீ சூழ்ந்தால் குதிரை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. எரிகிற லாயத்துக்குள்ளேயே திரும்பி ஓடும் குதிரைகளும் உண்டு. அதற்கு லாயம்தான் பத்திரமான இடம். அந்த நேரத்தில் குதிரை கவனிப்பது பக்கத்தில் நிற்கும் மனிதனைத்தான். அவன் நடுங்கினால் கயிறு வழியாகவே குதிரைக்குத் தெரிந்துவிடும்.

புகையைச் சுவாசித்த குதிரைக்கு வாரக்கணக்கில் ஓய்வு கொடுக்க வேண்டும். தூசியில்லாத, நனைத்த புல் போட வேண்டும். உங்களுக்கு அந்த வசதியெல்லாம் கிடைக்கவில்லை. மேலும் மேற்கே நடந்தாக வேண்டியிருந்தது.

போருக்குப் பிறகு குதிரைகள் போலந்து திரும்பின. வித்ராஷுக்கு 1956-ல் பாஸ்க் என்ற குட்டி பிறந்தது. அது 1963-ல் அமெரிக்கா போய், அங்குள்ள அரேபியக் குதிரை வளர்ப்பையே மாற்றியது. வம்சப் பதிவேட்டில் தந்தை பெயருக்கு ஒரு கட்டமும் தாய் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. பாஸ்க்கின் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், தந்தை கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் உங்கள் பெயரை எழுதிவைக்கிறோம், ஐயா.

அன்புடன்,
குதிரை பராமரிக்கும் சிலர்