இறம்பொடை ஏறுவதற்கு முன்

நானுஓயா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. மூத்தவள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த செய்தியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "புள்ளையக் கூட்டிட்டு வரச்சொல்லு" என்று அன்றிலிருந்து அதே பேச்சு. இங்கே பதினைந்து நாளாக மழை விடவில்லை. துவைத்த உடுப்பெல்லாம் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வேனில் வருவதாக எழுதிவிட்டு, கடைசியில் "அடியில கொஞ்சம் ஒயில் சொட்டுது, ஊத்தி ஊத்தி ஓட்டுறேன்" என்று ஒரு வரி போட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. வவுனியாவில் சமதரையில் அப்படி ஓட்டலாம். கம்பளை தாண்டினால் புசல்லாவை, இறம்பொடை என்று ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டேதான் வரவேண்டும். பாரம் ஏற்றிய வேன் சின்னக் கியரில் முக்கி முக்கி ஏறும்போதுதான் ஒழுகுகிற இடம் பெரிதாகும்.

என் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேள். மே மாதத்திலிருந்து, எஞ்சினைச் சூடேறாமல் வைத்திருக்கிற கூலன்ட் தண்ணி குறைய ஆரம்பித்தது. கிழமைக்கு அரைப் போத்தல் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பாஸ் எஞ்சின் ஒயில் மூடியைத் திருகி எடுத்தார். உள்பக்கத்தில் பழைய வெண்ணெய் மாதிரி ஒரு மஞ்சள் வெள்ளைப் பசை ஒட்டியிருந்தது. "ஹெட் கஸ்கட் போயிருச்சு சேர், ஹெட்டக் கழட்டணும்" என்றார். எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் ஒயிலும் கூலன்டும் கலக்காமல் அடைக்கிற தகடு அது. அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. பாடசாலை வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர்தான். எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறேன். இந்தக் குளிரிலும் பனிமூட்டத்திலும் எஞ்சினுக்குள் இருக்கிற ஈரம் தண்ணீராகி, ஒயிலோடு கலந்து மூடியில் பசையாகப் படியும். குளிர்ப் பிரதேசத்தில் கிட்டக் கிட்ட ஓடுகிற வாகனத்தில் அது சாதாரணம். உண்மையிலேயே கஸ்கட் போய்க் கூலன்ட் ஒயிலுக்குள் இறங்கினால் ஒயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கில் வரும் ஒயிலும் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும். விடிந்ததும் இழுத்துப் பார்த்தேன். தேன் நிறம், சுத்தம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினேன். கஸ்கட் போயிருந்தால் குமிழி வரும், ஒன்றும் வரவில்லை. (சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைத்துவிடாதே மச்சான், கொதிக்கிற தண்ணி முகத்தில் அடிக்கும்.) கஸ்கட் போனாலும் வருகிற வெள்ளைப் புகை சைலன்சரில் வந்தது. ஆனால் நுவரெலியாப் பக்கம் காலையில் எந்த வாகனத்தில்தான் வெள்ளைப் புகை வராது? சூடேறியதும் நின்றுவிட்டது.

அப்படியென்றால் வெளியேதான் எங்கோ ஒழுகுகிறது. அப்போது உங்க அப்பா ஞாபகம் வந்தார். பீலியில் தண்ணி நின்றுபோன நாட்களில், லய வீடுகளுக்குப் பின்னால் சேறாகிக் கிடக்கிற இடத்தில் அவர் தோண்டவே மாட்டார். குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே நடப்பார், நாம் இரண்டு பேரும் பின்னால் ஓடுவோம். உடைப்பு எப்போதும் ஈரம் தெரிகிற இடத்துக்கு மேலேதான் இருக்கும். எஞ்சினும் அப்படித்தான். ஒழுகுகிற ஒயிலோ தண்ணியோ உடம்பு வழியே இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னுக்கு அடிபட்டு, கடைசியில் எங்கேயோ போய்ச் சொட்டும். நம் பக்கத்தில் வாசலெல்லாம் சரிவு வேறு. என் காரை மூக்கு மேலே பார்க்க நிறுத்துவதால் சொட்டு கியர் பெட்டிப் பக்கம் விழுந்தது. நிறமும் சிவப்பு. கியர் ஒயில் என்றே நினைத்தேன்.

பழைய பிஸ்கட் பெட்டியைப் பிரித்து இரவில் அடியில் விரித்தேன். விழுந்ததில் கொஞ்சத்தை ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டேன். மிதக்கவில்லை, இளஞ்சிவப்பாகக் கரைந்து போனது. ஒயிலென்றால் மேலே படலமாக நிற்கும். மோந்து பார்த்தால் இனிப்பு வாடை. கூலன்ட்தான்.

அடுத்த நாள் டோர்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு மேலிருந்து தேடினேன். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியதும் அதில் தேங்கி நின்ற தண்ணி சரிவில் ஓடியது. சொட்டு பின்னால் போன வழி அதுதான். பெல்ட் பக்கம், கூலன்டைச் சுற்றவிடுகிற வோட்டர் பம்பின் பெல்ட் சக்கரத்துக்குக் கீழே, உப்புப் பூத்த மாதிரி ஒரு இளஞ்சிவப்புக் கறை. விரலால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அதற்கு மேலே பென்சில் முனை நுழையும் அளவு ஒரு ஓட்டை, அதன் விளிம்பில் ஒரு துளி. அந்த ஓட்டை பழுதால் வந்ததில்லை. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பெயரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று பம்பைச் செய்தவர்களே வைத்தது.

பிறகு கொட்டகலையில் ஒரு சின்ன கராஜுக்குப் போனேன். அங்கே இருந்த பொடியன் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருந்த 1.1 அழுத்தம் வரைக்கும் காற்று ஏற்றினான். முள் மெதுவாக இறங்க, அதே ஓட்டையில் துளி துளியாக வந்தது. இரண்டு பேரும் குந்தியிருந்து பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். வோட்டர் பம்பை மாற்றினான். முதல் கராஜ் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்த அழுத்தம் லேசான விசயமில்லை மச்சான். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணி 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்தம் நிற்பதால்தான் ஏற்றத்தில் கூலன்ட் கொதிக்காமல் தாங்குகிறது.

உன்னுடையது ஒயில். நீ எழுதியதைப் பார்த்தால் கறுப்பு நிறம், ஓடி நிறுத்தியதும் கருகின வாடையும் வருகிறது. அப்படியானால் மேலே எஞ்சினை மூடியிருக்கிற டெப்பட் கவரின் கஸ்கட்டிலிருந்து இறங்கி, சைலன்சர் குழாய் தொடங்குகிற சூடான இடத்தில் விழுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அது தீப்பிடிக்கவும் கூடும், அதனால் தள்ளிப்போடாதே. முதலில் எஞ்சினைக் கழுவிக் காயவை. உங்கள் ஊர் வெயிலில் அது அரை நாள் வேலை. காய்ந்ததும் சந்தேகமான மூட்டுகளில் சின்னவனுக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிட்டு பதினைந்து, இருபது கிலோமீற்றர் ஓட்டு. வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தை பாஸுக்கு விரலால் தொட்டுக் காட்டு. அவர் பார்க்காமலே "இதுதான்" என்று சொன்னால் வேறு கராஜுக்குப் போ. சில்லுகளின் உள்பக்கத்தையும் பார்த்துவிடு. அங்கே ஈரம் இருந்தால் பிரேக் ஒயிலாக இருக்கலாம். அதைச் சரிபண்ணாமல் வேனை எடுக்கவே எடுக்காதே. திரும்பிப் போகும்போது அவ்வளவும் இறக்கம்.

என்ன கண்டுபிடித்தாய் என்று உடனே எழுது. வருகிற அன்று கம்பளையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தும்போது பொனட்டைத் திறந்து ஒரு தரம் பார். நான் மத்தியானத்திலிருந்து நானுஓயாச் சந்தியில் நிற்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்