கொக்கியை மாட்டிக்கொள், தங்கச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

நவம்பரில் கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து 36 அடிப் பாய்ப்படகில் அட்லாண்டிக்கைத் தாண்டி, கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. புயல், புயல் என்கிறாள். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் சூறாவளி அபூர்வம் என்று சொல்லிவிட்டேன். 'வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திருப்பு' என்பது பழைய மாலுமிகள் வாக்கு. கேப் வெர்டே தீவுகள் பக்கம், கிழக்கிலிருந்து விடாமல் வீசும் வியாபாரக் காற்று பிடித்துவிட்டால் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போகும். 2,700 கடல் மைல், ஏறக்குறைய மூன்று வாரம்.

என் பயம் வேறு. காற்று ஓயாது, படகு இரவும் பகலும் உருண்டுகொண்டே இருக்கும். ஒவ்வொரு கயிறும் ஒரே இடத்தில் உரசும். நான் போனபோது ஒன்பதாம் இரவு, பாயை மேலே ஏற்றிப் பிடிக்கும் ஆஞ்சான் கயிறு பாய்மர உச்சியில் அறுந்து முன்பாய் தண்ணீரில் விழுந்தது. விடிந்ததும் அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், உரித்த தேங்காய் நார்போலச் சிலிர்த்து நின்றது. தினமும் ஒரு சாண் தளர்த்தி உரசும் இடத்தை மாற்றியிருந்தால் போதும். நீ மாற்று.

ஆனால் இந்தக் கடிதம் கயிற்றுக்காக இல்லை. பாய் விழுந்த சத்தம் கேட்டதும் உடம்பு வாரைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்புக் கொக்கியை மாட்டாமல், படகின் முன்முனையான அணியத்துக்கு ஓடிவிட்டேன். படகு சாய்ந்தது. இடுப்புவரை தண்ணீர். கையில் அகப்பட்டது ஒரே ஒரு கம்பி. கேப்டன் அக்கா தவழ்ந்து வந்து, ஒன்றும் பேசாமல், என் கொக்கியை எடுத்து அவரே மாட்டினார். அவர் விரல் நடுங்கியது இன்னும் எனக்குத் தெரிகிறது.

பாய்ப்படகில் தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் ஓடிய, உனக்குப் பிடித்த கிர்ஸ்டன் நோய்ஷேஃபரை நினைத்துப் பார். 2022 நவம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் சக போட்டியாளர் டாப்பியோ லேட்டினனின் படகு மூழ்கியது. பந்தயப் பாதையிலிருந்து விலகி கிர்ஸ்டன் அவரைத் தேடிப் போனார். உயிர்காப்பு மிதவையில் இருந்தவருக்குக் கிர்ஸ்டனின் பாய் தெரிகிறது, ரேடியோவில் பேசவும் முடிகிறது. கிர்ஸ்டனுக்கோ அலைகளுக்கு நடுவே மிதவை தெரியவில்லை. பகலிலேயே மிதவை அப்படி மறையுமென்றால், இருட்டில் ஒரு தலை?

உள்ளறையிலிருந்து மேல்தளத்துக்கு ஏறும் படிக்கட்டில் நிற்கும்போதே கொக்கியை மாட்டு. காவல் முறையில் தனியாக இருந்தால், யாரையாவது எழுப்பாமல் முன்பக்கம் போகாதே. தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று தயங்காதே.

செயின்ட் லூசியாவின் ரோட்னி பேயில் படகைக் கட்டியதும் முதலில் அம்மாவுக்குப் போன் போடு.

அண்ணன்