ஞாயிறு பிரவுனி: எல்லோரும் வாருங்கள்

அக்கா, தங்கைகளே, கிறிஸ்துமஸ் பிரவுனியை ஞாயிறு காலை 10 மணிக்குக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் சேர்ந்து செய்யலாம். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கொதிநீர் மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட் உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழக் கூடாது. போன வருடம் ஈரக் கரண்டி பட்டு அரைக் கிலோ சாக்லேட் கட்டிதட்டி வீணானது. சரி, அந்தக் கரண்டி என்னுடையதுதான்!

ஓவனில் 180 டிகிரி, சுமார் 25 நிமிடம். குச்சி செருகினால் ஈரத் துணுக்கு ஒட்டி வர வேண்டும். சுத்தமாக வந்தால் வறண்டுவிட்டது என்று அர்த்தம்.

மார்கழி ஈரத்துக்கு இறுக்கமான மூடி போட்ட டப்பா கொண்டு வாருங்கள். அப்புறம், முட்டை வேண்டாதவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள். தயிர் சேர்த்துத் தனித் தட்டு போடுகிறேன்.